மீனம்மாவின் கண்ணும் ஒரு ராத்தல் பாணும்

“தங்கச்சி, நான் காட்டுற பக்கம் நீங்க ஒருத்தர்கூட ஏன் பாக்க மாட்டேங்கிறீங்க?”

கோகுலராஜ் இப்படிக் கேட்டபோது சுதர்ஷினியின் இடுப்பில் அக்கா மகள் தர்ஷிகா உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். கேட்டவனுடைய சட்டைக் கைக்குள்ளிருந்து முட்டை மஞ்சள் ஒழுகி விரல் நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

பதில் சுதர்ஷினிக்குத் தெரியும். தெரிந்த பதிலைச் சொல்ல வாய் வராது என்பதுதான் அவளுடைய கோளாறு. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் தொண்டையில் யாரோ மூடி போட்டுத் திருகிவிட்டது போல் ஆகிவிடும். தரம் ஒன்பதோடு நின்றுவிட்டாள். இப்போது பதினெட்டு வயது. அம்மாக்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைமடுவத்தில் ஆயாவுக்கு உதவியாக இருந்தாள். குழந்தைகளிடம் நாள் முழுக்கப் பேசுவாள். பெரிய ஆட்களைக் கண்டால் தலையாட்டுவதோடு சரி.

அன்றைக்கும் தலையைக் குனிந்துகொண்டு லயத்து வரிசை வீடுகள் பக்கம் நடந்துவிட்டாள். அவன் முட்டைக் கையோடு நின்றான்.

கோகுலராஜ் ராகலைப் பக்கத்துப் பையன், அவனும் லயத்தில் பிறந்தவன்தான். கெம்பஸில் கடைசி வருடம். படிப்பு முடிய ஓர் ஆய்வு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஹட்டனிலிருந்து பஸ் ஏறி, பஸ் நின்ற இடத்திலிருந்து த்ரீவீல் பிடித்து, இந்தத் தோட்டத்து மேல் டிவிசனுக்கு மூன்று வாரம் தங்க வந்திருந்தான். தோட்டத் தலைவர் மூக்கன் வாசிகசாலையில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தார். பழைய பேப்பர் கட்டுக்கும் கேரம் போர்டுக்கும் நடுவில் பாய் விரித்துக்கொண்டான். கொண்டு வந்தது இரண்டு பை. ஒன்றில் நாற்பது கேள்வி அச்சடித்த ஃபோம் கட்டு. மற்றதில் மெஜிக் சாமான். கெம்பஸில் முதல் வருடம் சீனியர்கள் பாடச் சொல்லி நிறுத்தியபோது பாட வராத குற்றத்துக்காகக் கற்றுக்கொண்ட வித்தை, அப்புறம் விடமுடியாமல் ஒட்டிக்கொண்டது.

முதல் வாரம் ஃபோம் கட்டோடு லயம் லயமாகப் போனான். எல்லா வீட்டிலும் கதிரை போட்டார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள், கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். நாற்பத்திரண்டு வீட்டிலும் ஒரே பதில். பக்கத்து வீட்டோடு சண்டை வருமா? வராது. பக்கத்து வீட்டுப் பேச்சுக் காதில் விழுமா? விழாது. கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்? கோபமே வராது. தலைவர் மூக்கனின் மனைவி மீனம்மா இந்தக் கடைசிப் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இன்னொருவர் மேல் அலுமினியச் சட்டியை எறிகிற சத்தம் கேட்டது. சட்டி உருண்டு, சுழன்று, அடங்குகிற வரைக்கும் மீனம்மாவின் முகத்தில் ஓர் அசைவு இல்லை.

“அடுத்த கேள்வி என்னங்க தம்பி?” என்று கேட்டார்.

கோகுலராஜ் அன்று இரவு ஃபோம் கட்டைப் புரட்டிப் பார்த்தான். இந்தக் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பேராசிரியர் அவன் முகத்தைப் பார்த்தே சிரிப்பார். ஆட்கள் தன்னை அந்நியனாகப் பார்ப்பதுதான் காரணம், ஒரு நாள் சிரிக்க வைத்துவிட்டால் மனம் விட்டுப் பேசிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டான். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மெஜிக் வைத்தது.

இடம் கிடைத்தது கொழுந்து மடுவத்தில். கொழுந்து நிறுக்கிற கூரைக் கொட்டகை, ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும். உத்திரத்தில் பழைய தராசுக் கொக்கி தொங்குகிற இடம் நட்டநடுவாகவும் வெளிச்சமாகவும் இருந்ததால் அதற்கு நேர் கீழே மேசையைப் போட்டான். இடது கையில் முட்டையை எடுத்தான். வலது கையால் சிவப்புக் கைக்குட்டையை உயர்த்தி, “எல்லாரும் இங்க பாருங்க” என்றான்.

ஒருவரும் அங்கே பார்க்கவில்லை. அறுபது எழுபது பெண்கள், ஒரு தலைகூடத் திரும்பாமல், அவனுடைய இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முன் வரிசையில் நின்ற மீனம்மா அக்கறையோடு சொன்னார்.

“முட்டை சட்டைக் கைக்குள்ள போயிருச்சு தம்பி. மெதுவா எடுங்க, ஒடஞ்சிறப் போகுது.”

“முழங்கையத் தாண்டிருச்சு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“மடக்காதீங்க தம்பி, மடக்காதீங்க.”

அவன் மடக்கிவிட்டான்.

சிரிப்பு அடங்கியபோது மீனம்மாவுக்கே பாவமாகிவிட்டது. ஈரத் துணி ஒன்றை அவனிடம் நீட்டினார். “ஒண்ணு செய்வோம். வர்ற ஞாயித்துக்கெழமை என் கண்ண ஒரே ஒரு தரம் ஏமாத்திக் காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா நீங்க கேக்குற நாப்பது கேள்விக்கும் உள்ளத உள்ளபடி சொல்றேன். நான் சொன்னா இவளுகளும் சொல்லுவாளுக.”

“அப்ப போன வாரம் சொன்னதெல்லாம்?”

“அது ஃபோமுக்குச் சொன்னது தம்பி,” என்றார் மீனம்மா. “ஃபோம் தூக்கிட்டு எத்தனை பேரு வந்துட்டுப் போயிட்டாங்க. நல்லாருக்கோம்னு சொன்னாத்தான் சீக்கிரம் எந்திரிச்சுப் போறாங்க.”

“ஏமாத்த முடியலன்னா?”

“செவ்வாக்கெழம பஸ்ஸுக்கு நானே கட்டுச்சோறு கட்டித் தர்றேன். நீங்க போயி அந்த ஃபோமயே குடுத்துருங்க.”

பெண்கள் கைதட்டினார்கள். கோகுலராஜுக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதுதான். அதன் பிறகுதான் கூட்டம் கலைகையில் ஓரமாக நின்ற சுதர்ஷினியைப் பார்த்து அவன் அந்தக் கேள்வியைக் கேட்டது.

திங்களும் செவ்வாயும் அவன் விடாமல் பழகினான். நாணயம், கயிறு, சீட்டுக்கட்டு. புதன்கிழமை மத்தியானம் பிள்ளைமடுவத்து வாசலில் வந்து உட்கார்ந்தான். பெரியவர்களிடம்தானே பலிக்கவில்லை, குழந்தைகளிடமாவது பலிக்கட்டும் என்று ஒரு பத்து ரூபாய்க் குற்றியை எடுத்து வலது கையில் ஆட்டினான். ஆயா உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். சுதர்ஷினியின் மடியிலிருந்த தர்ஷிகா இறங்கிப் போய், நேராக அவனுடைய இடது கையைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குற்றியை எடுத்து வாயில் போடப் பார்த்தாள்.

“ரெண்டு வயசுப் புள்ளையுமா?” என்று கோகுலராஜ் நெற்றியில் கைவைத்தான்.

சுதர்ஷினி பாய்ந்து குழந்தையைத் தூக்கினாள். குற்றியைப் பிடுங்கினாள். அப்புறம், அவனைப் பார்க்காமல், குழந்தையின் காதருகே குனிந்து சொல்ல ஆரம்பித்தாள்.

“தர்ஷிக் குட்டி, இந்த மாமா கை காட்டுற பக்கம் நம்ம ஆளுக ஏன் பாக்குறதில்ல, தெரியுமா? நம்ம அம்மாக்கு ஒரு நாளைக்கு மூணு தரம் தராசு. கொழுந்து கட்டுன படங்கு கொக்கியில தொங்குறப்ப, நிறுக்கிறவரு தூரமா ஒரு கைய நீட்டி, ‘அங்க பாரு, ஒன் படங்குல தண்ணி சொட்டுது’ன்னுவாரு. அந்தப் பக்கம் திரும்புனா இந்தப் பக்கம் ஒரு கிலோ போயிரும். அதனால காட்டுற கைய யாரும் பாக்க மாட்டாங்க. காட்டாத கையத்தான் பாப்பாங்க. மாமா வேற அதே கொக்கிக்குக் கீழ போயி மேசையப் போட்டுட்டாரு.”

கோகுலராஜ் அசையவில்லை. குருவி வந்து உட்கார்ந்த கிளை மாதிரி இருந்தான். அவனும் குழந்தையைப் பார்த்தே பேசினான்.

“குட்டி, இத ஒனக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. பாத்தாத் தெரியும்னு சொல்லு குட்டி.”

“அப்ப நான் எந்தக் கையில வித்த காட்டுனாலும் அவங்க மத்தக் கையப் பாப்பாங்களா?”

“பாப்பாங்க.”

“அவங்க எதையுமே பாக்காத நேரம்னு ஒண்ணு கிடையாதா?”

சுதர்ஷினி குழந்தையின் வாயைத் துடைத்தாள். அவன் கேட்ட இந்தக் கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது. யார் எப்போது எங்கே பார்க்கிறார்கள், எங்கே பார்ப்பதில்லை என்பதைத்தான் அவள் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். பேசாமல் இருக்கிறவளுக்கு வேறென்ன வேலை. தண்ணீர்ப் பீலியில் பெண்கள் குளிக்கும்போது அந்த வழியாகப் போகிற ஆண்கள் எல்லோருக்கும் மலை உச்சியில் ஏதோ அவசரமான விஷயம் தெரியும். முதல் நாள் சண்டை நடந்த வீட்டு ஆள் கடந்து போனால், வாசலில் நிற்கிறவர்களுக்கெல்லாம் சட்டென்று அரிசியில் கல் தென்படும்.

“மாமா சாப்புடுற ஆள யாராவது பாத்திருக்காரான்னு கேளு குட்டி.”

“புரியலையே.”

“லயத்தில ஒரு வீட்டுக்கு ஒரு வாசல். ஆளுக உக்காந்து சாப்புடுறது வாசலுக்கு நேர. போறவங்க வர்றவங்க பாத்தா, சாப்புடுறவங்களுக்குக் கூச்சம். தட்டுல என்ன இருக்குன்னு தெரிஞ்சிரும். கண்ணு பட்டுச்சுன்னு வயித்த வலிச்சா பாத்தவங்க மேல பழி வரும். அதனால சாப்புடுற ஆளப் பாத்ததும் எல்லாருக்கும் மூஞ்சி தானாத் திரும்பிரும். திருப்புறமுன்னுகூட அவங்களுக்குத் தெரியாது.”

கோகுலராஜ் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தவன் எழுதாமலே உட்கார்ந்திருந்தான். “குட்டி, கெம்பஸில நான் படிக்கிறதே இதத்தான். மனுசங்க தெனம் தெனம் என்ன செய்றாங்க, ஆளுக முன்னால எப்படி இருக்காங்க, ஆளில்லாத இடத்தில எப்படி இருக்காங்க, எதப் பாக்காத மாதிரி இருந்துக்கிறாங்க. சமூகவியல்னு பேரு. நாலு வருசம்.”

சுதர்ஷினி அவன் பேச வந்த பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறதா? அதற்கு லைட் போட்ட கட்டிடமும் கதிரையும் பரீட்சையும் இருக்கிறதா? வேலையத்துப் போய் ஆட்களை முறைத்துப் பார்க்கிறாள் என்று அம்மா திட்டுகிற விஷயத்துக்கு? சிரிப்பு வந்தது. குழந்தையின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த நாற்பது கேள்விக்கும் உண்மையான பதில் என்னவாக இருக்கும் என்று கேட்டுவிட வேண்டும் போல் அவளுக்கு ஆசை வந்தது அப்போதுதான். அதற்கு இந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தாக வேண்டும்.

“மாமா நம்பலன்னா, நாளைக்கு லயத்துப் படியில உக்காந்து ரொட்டி தின்னு பாக்கச் சொல்லு,” என்றாள் குழந்தையிடம். “தலையில என்ன வேணுமின்னாலும் வச்சுக்கிட்டு.”

மறுநாள் மத்தியானம் கோகுலராஜ் வாசிகசாலைப் படியில் உட்கார்ந்து ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டான். தலையில் ரோஸ் நிறப் பிள்ளைத் தொப்பி, காது வரை இழுத்து, தாடையில் முடிச்சுப் போட்டிருந்தது. பதினேழு பேர் அந்த வழியாகப் போனார்கள். அவன் எண்ணிக்கொண்டே சாப்பிட்டான். எட்டுப் பேர் எதிர் மலையைப் பார்த்து, “சாப்புடுங்க தம்பி” என்றார்கள். மூன்று பேர் குடையை அந்தப் பக்கம் சாய்த்தார்கள். தலைவர் மூக்கன் முறுக்கிய மீசையோடு வந்தவர், வாசிகசாலைக் கூரைத் தகரத்தை ஆராய்ந்து, “ஒழுகுதா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். மீனம்மா தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டே கடந்தார்.

அவன் கடைசித் துண்டை விழுங்கி, கையைக் கழுவி, உதறினான். அந்த நொடியில், முப்பது அடி தள்ளிப் போய்விட்ட மீனம்மா திரும்பினார்.

“என்ன தம்பி, தலையில புள்ளத் தொப்பி?”

ஞாயிற்றுக்கிழமைக்கான திட்டத்தைக் குழந்தையை நடுவில் வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். மரியாதைக்காக முகம் திருப்புகிறவர்களை அந்த மரியாதையை வைத்தே ஏமாற்றுவது சரியா என்று கோகுலராஜ் ஒரு தரம் தயங்கினான். “ஏமாத்தச் சொன்னதே மீனம்மா அத்ததானேன்னு சொல்லு குட்டி,” என்றாள் சுதர்ஷினி. தயக்கம் தீர்ந்தது. ஞாயிறு காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்த பேக்கரி த்ரீவீலில் ஒரு ராத்தல் பாண் வாங்கினான். அதன் ஒரு முனையில், அடிப்பக்கமாக, மீனம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பி நுழைகிற அளவுக்குப் பிள்ளைமடுவத்துக் கரண்டியால் குடைந்து, தோண்டிய மேல் தோலை மூடி மாதிரித் திரும்பப் பொருத்தி வைத்தார்கள். குடைந்ததை தர்ஷிகா தின்றாள்.

மத்தியானத்துக்கு மேல் கொழுந்து மடுவத்தில் போன வாரத்தைப் போல் இரண்டு பங்கு கூட்டம். ஆண்களும் வந்துவிட்டார்கள். மூக்கன் முன்னால் ஒரு கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். நாலைந்து போன்கள் வீடியோவுக்குத் தயாராக உயர்ந்தன. மீனம்மா மேசைக்கு எதிரில் ஒரு சாக்கை விரித்துச் சம்மணம் போட்டார்.

“கண்ணச் சிமிட்டக்கூட மாட்டேன் தம்பி. இன்னைக்குப் பாத்துருவோம்.”

“ஒங்க சுண்ணாம்பு டப்பியக் குடுங்கக்கா.”

அவர் இடுப்பிலிருந்து தகர டப்பியை எடுத்துக் கொடுத்தார். கோகுலராஜ் அதை மேசையில் வைத்து, அரிசி அளக்கிற கொத்துப் பேணியைக் கவிழ்த்து மூடினான். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். பேணியைச் சுற்றி மூன்று தரம் கைக்குட்டையை ஆட்டினான். அத்தனை கண்ணும் ஆடாத கையில் இருந்தன.

“இது போறதுக்குக் கொஞ்ச நேரமாகும்,” என்றான். “காலையிலருந்து ஒண்ணுஞ் சாப்புடல. மன்னிச்சுக்கங்க, ரெண்டு வாய் சாப்புட்டுக்கிறேன்.”

மேசைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, பாணை எடுத்து, குடையாத முனையிலிருந்து ஒரு துண்டு பிய்த்து, சம்பலில் தொட்டு வாயில் போட்டான்.

சுதர்ஷினி தூணோரம் நின்று பார்த்தாள். காற்று அடித்த புல் மாதிரி கூட்டம் முழுவதும் முகம் திரும்பியது. சிலர் கூரையைப் பார்த்தார்கள். சிலர் நகத்தைப் பார்த்தார்கள். போன் பிடித்தவர்கள் போனை இறக்கினார்கள். மூக்கன் வெளியே நின்ற லொறியின் டயரை, காற்று இருக்கிறதா இல்லையா என்பது போல், உற்றுப் பார்த்தார். யாரும் யாரையும் பார்த்து இதைச் செய்யவில்லை.

மீனம்மா மட்டும் திரும்பவில்லை. அவருடைய கழுத்து பாதி திரும்பத்தான் செய்தது; அத்தனை வருடப் பழக்கம். ஆனால் கண் பேணியிலேயே ஆணி அடித்தது போல் நின்றது.

கோகுலராஜ் இரண்டாவது துண்டைப் பிய்த்தான். மென்றான். மூன்றாவது. கால் ராத்தல் போய்விட்டது. மீனம்மா சிமிட்டவில்லை. நாலாவது துண்டில் அவனுக்கு விக்கல் வந்தது. யாரோ அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே ஒரு கோப்பைத் தண்ணீரை இந்தப் பக்கம் நீட்டினார்கள். குடித்தான். அரை ராத்தலை நெருங்கிவிட்டான். இன்னும் இரண்டு துண்டு பிய்த்தால் குடைந்த இடம் வந்துவிடும். பாணும் இல்லை, வித்தையும் இல்லை, செவ்வாய்க்கிழமைக் கட்டுச்சோறுதான். நெற்றி வியர்த்து, அவன் கண் தூணோரம் ஒரு தரம் வந்து போனது.

யோசனை சுதர்ஷினியுடையது. அத்தையின் கண்ணை அவள் குறைத்து எடை போட்டுவிட்டாள். தர்ஷிகாவை இடுப்பில் தேடினாள். குழந்தை இல்லை, தூங்கிவிட்டதென்று அக்கா வாங்கிக்கொண்டு போயிருந்தாள். காதில் சொல்ல யாரும் இல்லை.

ஐந்தாவது துண்டு பிய்ந்தது.

“அத்தே,” என்றாள் சுதர்ஷினி. குரல் அவளே எதிர்பார்க்காத அளவுக்குப் பெரிதாக, கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. “சாப்புடுற புள்ளைய அப்படி உத்துப் பாக்குறீங்களே. அதுக்கு வயித்த வலிக்கப் போகுது.”

மடுவத்தில் இருந்த அத்தனை தலையும் தூண் பக்கம் திரும்பின. சொன்ன விஷயத்துக்காக இல்லை. இந்தப் பெண் ஊரார் முன்னால் ஒரு வாக்கியம் பேசி அங்கே நின்ற யாரும் கேட்டதில்லை. மீனம்மாவும் வாயைப் பிளந்துகொண்டு, உடம்போடு திரும்பினார்.

“சுதர்ஷினியா பேசுனது?” என்று அவள் அம்மாவே பக்கத்து ஆளிடம் கேட்டார்.

“நம்ம சுதர்ஷினியேதான்.”

“தொண்ட நல்லாத்தான இருக்கு. இத வச்சுக்கிட்டா இவ்வளவு நாளா சும்மா இருந்துச்சு?”

அத்தனை கண்ணும் மேலே பட்டதில் அவளுக்குக் காது சூடானது. ஆனால் எல்லோரும் அவளைப் பார்த்ததால், எல்லோருடைய தலைக்கு மேலாகவும் அவள் ஒருத்தியால்தான் மேசையைப் பார்க்க முடிந்தது. பேணி ஒரு விரலளவு உயர்ந்தது. ஒரு கை உள்ளே போய் வெளியே வந்தது. பாண் ஒரு தரம் புரண்டு பழையபடி படுத்தது. அந்த மடுவத்தில் அன்றைக்கு நடந்த மெஜிக்கைப் பார்த்தது அவள் மட்டும்தான்.

“ஆச்சு,” என்றான் கோகுலராஜ், கையைத் துடைத்துக்கொண்டு.

மீனம்மா சடக்கென்று திரும்பினார். அவன் பேணியைத் தூக்கினான். மேசை வெறுமையாக இருந்தது. மீனம்மா எழுந்து வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றிப் பார்த்தார். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

“மிச்சப் பாணப் பிச்சுப் பாருங்கக்கா.”

பிய்த்தார். வெள்ளைச் சதைக்கு நடுவில் தகர டப்பி பளிச்சென்று தெரிந்தது. மீனம்மா அதை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த துகளை ஊதி, மூடியைத் திறந்து, விரலால் தொட்டு, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“என் சுண்ணாம்புதான்,” என்றார்.

அப்புறம் மடுவம் அதிர்ந்தது. கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், ஒருத்தி பாணைத் தூக்கிப் பார்த்து இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். மீனம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, தலைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ஒரு தரம் சுதர்ஷினியைப் பார்த்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு, கொஞ்சம் நீளமாகவே பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பேச்சுன்னா பேச்சு. எடுங்க தம்பி ஒங்க ஃபோம. எழுதிக்கங்க.”

“இங்கயேவா? எல்லாரும் இருக்காங்களே அக்கா.”

“இருக்கட்டும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான.”

கோகுலராஜ் புதுத் தாள் எடுத்தான். சுதர்ஷினி தூணை விட்டு இரண்டு அடி முன்னால் வந்து நின்றாள்.

“பக்கத்து வீட்டோட சண்ட வருமா?”

“வாரத்துக்கு நாலு. தண்ணிக் கொழாயில ரெண்டு, கோழிக்கு ஒண்ணு, சும்மா ஒண்ணு.”

“அஞ்சு,” என்றார் கூட்டத்திலிருந்து பக்கத்து வீட்டு அழகம்மை. “போன வாரம் துணி ஒணத்துற கம்பிக்கு ஒண்ணு.”

“ஆமா, அஞ்சு போடுங்க.”

“பக்கத்து வீட்டில பேசுறது காதில விழுமா?”

“இரும்புறதுகூட விழும். விழாத மாதிரி இருந்துக்கிட்டாத்தான தம்பி அது பக்கத்து வீடு.”

பேனா ஓடியது. சிரிப்பும் ஓடியது. பின்னால் பெண்கள், யாரும் சொல்லாமலே, கொழுந்து நிறுக்க நிற்கிற மாதிரி வரிசையாக நின்றுகொண்டார்கள். பத்தொன்பதாவது கேள்வி வந்தது. போன முறை நாற்பத்திரண்டு வீட்டிலும் ஒரே சொல்லில் பதில் வந்த கேள்வி.

“வீட்டில சமையல் யாரு?”

மீனம்மா டப்பியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். “பேச்சுன்னா பேச்சு,” என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

“அவருதான்.”

“யாருங்க?”

“இந்தா ஒக்காந்திருக்காரே, ஒங்க தலைவரு. பதினோரு வருசமாச்சு. பறிச்சுப் பறிச்சு எனக்குத் தோளுக்கு மேல கை தூக்க வராமப் போச்சு, அப்பருந்து. கதவச் சாத்திக்கிட்டுத்தான் ஆக்குவாரு. நான் இப்பத்தான் அடுப்புப் பொகையிலருந்து எந்திரிச்சு வந்த மாதிரி படியில வந்து ஒக்காந்துக்குவேன்.”

அழகம்மை மெதுவாகக் கேட்டார்.

“போன தேருக்கு எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னமே மாங்காச் சாம்பாரு, அது?”

“அவரு வச்சது. புளி போடாம மாங்காயில மட்டும் புளிப்பு எறக்குவாரு. எனக்கு இன்னைக்கு வரைக்கும் வராது.”

“எங்க வீட்டிலயும் காலையில ரொட்டி அவருதாங்க,” என்று வரிசையின் நடுவிலிருந்து இன்னொருத்தி சொன்னாள். சொன்ன வேகத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்கள் நின்ற பக்கத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்வது போல் ஒரு சலசலப்பு நடந்தது. கோகுலராஜ் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தான். தாளின் ஓரத்தில்கூட எழுதினான். சுதர்ஷினிக்கு இது தெரியாது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நினைத்திருந்தவளுக்கு, சாத்தின கதவுக்குப் பின்னால் இப்படி ஒரு பாடம் மிச்சம் இருந்தது தெரியாமல் போயிருந்தது. அவள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

தொழிற்சாலைச் சங்கு ஐந்து மணிக்கு ஊதியது.

மூக்கன் மேலே போட்டிருந்த காலை இறக்கினார். கதிரையை விட்டு எழுந்தார். மீசையின் இரண்டு நுனியையும் ஒரு தரம் தடவினார். மனைவியைப் பார்த்தார், மீனம்மா இருபதாவது கேள்விக்குக் காது கொடுத்தபடி, அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். வரிசையில் நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். லயங்களில் உலை வைக்கிற நேரம் ஆகியிருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், வீட்டைப் பார்த்து நடந்தார்.